பள்ளிகளுக்கு வேதியியல் டெமோ கொண்டு போகும் கல்லூரி மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள், எங்களைக் கூப்பிடும் ஆசிரியர்கள், கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர்கள் என்று எல்லோரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

நாங்க முதல் வருஷம்தான். பள்ளிக்கூடத்துல போய் நிக்கிற அளவுக்கு எங்களுக்குத் தெரியுமா?

தெரியும். எட்டாம் வகுப்பின் முன்னால் நிற்க முதல் வருஷப் பாடமே தாராளம். வேதியியல் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, நீங்கள் செய்யப்போகும் மூன்று நான்கு வினைகள் அடி முதல் நுனி வரை தெரிய வேண்டும். எதை எதோடு கலக்கிறோம், ஏன் அந்த அளவு, அளவு கூடினால் என்ன ஆகும், கீழே சிந்தினால் எதால் துடைப்பது, இவ்வளவுதான்.

ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. வேதியியலே படிக்காத ஒரு நண்பரை உட்காரவைத்து டெமோவைச் செய்து காட்டுங்கள், அவர் ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போகட்டும். மூன்றாவது "ஏன்" வரை தாக்குப்பிடித்தால் தயார். அதற்கு மேல், பேராசிரியரோ லேப் பொறுப்பாளரோ பார்க்க முழுசாகச் செய்து காட்டாத எந்த டெமோவும் பள்ளிக்குப் போகக்கூடாது. இதில் மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது.

எதுல ஆரம்பிக்கலாம்? ஒரு நாலஞ்சு சொல்லுங்க.

சிவப்பு முட்டைக்கோஸ் சாறு முதல் இடம். அதில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவப்பாகும், நடுநிலையில் ஊதா, காரத்தில் நீலம், பச்சை என்று போகும், காரம் மிகவும் கூடினால் மஞ்சள். சோடா தண்ணீரைச் சேர்த்தாலே நிறம் மாறுவதைப் பார்த்ததும், வெறும் காற்றுக்குமிழியில் அமிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும். அங்கேதான் கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பேச இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, மெழுகுவர்த்தி. ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பும் பாருங்கள், அதில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால் தீ அந்தக் கோட்டின் வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரியோ கட்டி மெழுகோ அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே ஒரு தொடர் முழுவதையும் நடத்தியிருக்கிறார். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, வைட்டமின் சி கடிகார வினை. டிங்சர் அயோடினில் வைட்டமின் சி கரைசலைச் சேர்த்தால் பழுப்பு நிறம் மறையும். இன்னொரு குவளையில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் ஸ்டார்ச்சும். இரண்டையும் சேர்த்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் கண் இமைக்கும் நேரத்தில் கருநீலம். பெராக்சைடு அயோடினை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வைட்டமின் சி அதைத் தின்றுகொண்டே இருக்கிறது, வைட்டமின் சி தீர்ந்த கணத்தில் நிறம் வருகிறது. இந்தக் குடும்பத்து வினையை முதலில் விவரித்தவர் ஹான்ஸ் லண்டோல்ட், 1886-இல். வெந்நீரில் செய்தால் சீக்கிரம் வருமா தாமதமாக வருமா என்று வகுப்பையே கேட்கலாம் என்பதால் எனக்கு இது எல்லாவற்றிலும் பிடித்தது. இவற்றோடு ஈஸ்ட் நுரையையும் (அடுத்த கேள்வி) தொட்டு உணரும் சூடு-குளிர் டெமோவையும் (கடைசிக்கு முந்தைய கேள்வி) சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலிஃபன்ட் டூத்பேஸ்ட் வீடியோல எல்லாம் கூரை வரைக்கும் போகுது. எங்களுக்கு மட்டும் ஏன் மெதுவாப் பிதுங்கி வருது?

வீடியோவில் பயன்படுத்துவது பெரும்பாலும் 30% அல்லது அதற்கும் மேலான ஹைட்ரஜன் பெராக்சைடு, வினையூக்கி பொட்டாசியம் அயோடைடு. உங்கள் கையில் இருப்பது 3% அல்லது 6%, வினையூக்கி ஈஸ்ட்டில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி. வினை ஒன்றுதான், பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது, சோப்பு அந்த ஆக்சிஜனை நுரையாகப் பிடித்துவைக்கிறது. வேகம்தான் வேறு.

30% பெராக்சைடு தோலில் பட்டால் வெள்ளையாகப் பொரிந்து எரியும், கண்ணில் பட்டால் நிரந்தரச் சேதம்கூட ஆகலாம், நுரையும் கொதிக்கிற சூட்டில் வரும். பள்ளிக்கு 6% போதும். வாய் குறுகலான பாட்டிலும் வெதுவெதுப்பான நீரில் ஊறிய ஈஸ்ட்டும் இருந்தால் நன்றாகவே எழும்பும். மெதுவாக வருவதில் ஒரு லாபமும் இருக்கிறது: பாட்டிலை வெளியே தொட்டுப் பார்த்து, சூடாகிறது என்று ஒரு மாணவி தானே கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும்.

ஒரு மணி நேரத்துல பத்து டெமோ முடிச்சிடலாமா?

முடிக்கலாம், ஆனால் எதுவும் நிற்காது. ஹார்வர்டில் கேத்தரின் க்ரவுச், எரிக் மசூர் முதலியோர் இயற்பியல் வகுப்பு டெமோக்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். டெமோவை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காத மாணவர்களுக்கும் பின்னால் புரிதலில் பெரிய வித்தியாசமே இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பதிவு செய்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். அந்த ஊகத்துக்கு ஆன கூடுதல் நேரம் இரண்டு நிமிஷம் மாதிரிதான்.

அதனால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு. ஊற்றுவதற்கு முன்னால் நிறுத்துங்கள். "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் முன்வரிசையில் இரண்டு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், இல்லை மூன்று விடைகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட பிறகு பார்க்கிற பார்வையே வேறு. ஊகம் தப்பானவர்களை உடனே திருத்தாமல், ஏன் அப்படி நினைத்தார்கள் என்று கேளுங்கள். பல நேரம் அவர்கள் காரணம் மிக நல்ல காரணமாக இருக்கும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மேஜிக் ஷோ மாதிரி வேஷம் போட்டு, கதை சொல்லிப் பண்ணலாமா?

கதை சொல்லலாம். மந்திரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மந்திரவாதி பொருளை மறைப்பார், நாம் பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டும். பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, "இது பெராக்சைடு, இது ஈஸ்ட்" என்று சொல்லிவிட்டுச் செய்தாலும் வியப்பு ஒரு துளிகூடக் குறையாது.

வானவில் தீ டெமோ ரொம்ப அழகா இருக்கே, மெத்தனால்ல உப்பைப் போட்டு எரிக்கிறது. அதைச் செய்யலாமா?

கூடாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மெத்தனால் ஒரு வகை ஆல்கஹால், அதன் தீப்பற்று வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ். அதாவது சாதாரண அறையில் திறந்துவைத்தாலே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி மேலே நிற்கும். அந்த ஆவி காற்றைவிடச் சற்றுக் கனமானது, மேசை மேலேயே பரவும். வெளிச்சமான அறையில் மெத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது நடப்பதைப் பாருங்கள்: தட்டில் தீ குறைகிறது, அணைந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் பெரிய பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார், ஊற்றும் தாரையின் வழியே தீ பாட்டிலுக்குள் ஏறுகிறது, உள்ளே இருக்கும் ஆவி பற்றி, எரியும் திரவத்தை வாய் வழியாக எதிரே இருப்பவர்கள் மேல் பீய்ச்சுகிறது.

இது கற்பனை இல்லை. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோவில் ஒரு அருங்காட்சியகத்தில் மெத்தனாலை வைத்துச் செய்த தீ டெமோவில் 13 பேருக்குக் காயம், பெரும்பாலும் குழந்தைகள். அதே மாதம் டென்வரில் ஒரு பள்ளியிலும் மெத்தனால் பாட்டில் பீய்ச்சி மாணவர்களுக்குத் தீக்காயம் பட்டது. அந்நாட்டு இரசாயனப் பாதுகாப்பு வாரியம் இவற்றை ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது, அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பாதுகாப்புக் குழுவும் திறந்த மேசையில் இந்த டெமோவை நிறுத்தச் சொன்னது. செய்தவர்கள் எல்லோரும் அனுபவம் இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம், பல தடவை ஒன்றும் ஆகாமல் போனதுதான் இதில் ஆபத்தே.

நிறம் காட்டத்தான் ஆசை என்றால், உப்புகளைத் தண்ணீரில் கரைத்து மரக்குச்சிகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பர்னர் தீயில் காட்டுங்கள். லித்தியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், தாமிரம் பச்சை, பொட்டாசியம் வெளிர் ஊதா. நிறத்துக்கான காரணமும் அதேதான், சூட்டில் உலோக அணுவின் எலெக்ட்ரான்கள் மேலே ஏறி, இறங்கும்போது அந்தந்த நிற ஒளியை விடுகின்றன. ஆல்கஹால் பாட்டிலே அறைக்குள் வர வேண்டியதில்லை.

அப்போ தீயே வேண்டாம்னு சொல்றீங்களா?

இல்லை. மெழுகுவர்த்தி, பர்னர், சிறு மெக்னீசியம் துண்டு எல்லாம் சரிதான், பள்ளி அனுமதித்தால். கூட்டம் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மேசையில் அந்த டெமோவுக்குத் தேவையானது தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது, ஒருவர் செய்யும்போது இன்னொருவர் அணைப்பதற்கென்றே நிற்க வேண்டும். மெக்னீசியத்தை நேராகப் பார்க்கக்கூடாது, புற ஊதாக் கதிரும் சேர்ந்து வரும். அதற்குப் பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி வையுங்கள், ஏனென்றால் மெக்னீசியம் கார்பன் டை ஆக்சைடிலும் எரியும், அந்த அணைப்பான் உதவாது, தண்ணீரும் உதவாது.

அம்மோனியம் டைகுரோமேட் எரிமலையைப் பழைய புத்தகங்களில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும், தூள் காற்றில் பறக்கும். வேண்டவே வேண்டாம்.

திரவ நைட்ரஜன், உலர்பனி?

டிபார்ட்மென்டில் பயிற்சி பெற்றவர் கூட வந்தால் மட்டும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. அதனால் இறுக்கமாக மூடிய பாத்திரம் எதுவும் வெடிக்கும், சின்ன மூடிய அறையில் சிந்தினால் மூச்சுவிட ஆக்சிஜன் குறையும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மைனஸ் 78 டிகிரி, அதற்கும் இதே இரண்டு ஆபத்துகள்தான், காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவையுங்கள். பாட்டிலில் போட்டு மூடி வெடிக்கவைப்பதை யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் வேணுமா? நான் பவர் கண்ணாடி போட்டிருக்கேனே.

பவர் கண்ணாடி பக்கவாட்டுத் தெறிப்பைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி மூடும் காகுல்ஸை அதன் மேலேயே போடலாம். செய்பவர், உதவுபவர், மேடைக்கு அழைக்கப்படும் மாணவர், எல்லோருக்கும் வேண்டும். வெறும் வெந்நீர் டெமோ என்றாலும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் போடாமல் நிற்பதைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். அப்படியும் கண்ணில் ஏதாவது பட்டால் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். குழாய் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் பார்த்துவையுங்கள்.

பள்ளியில லேபே இல்ல, வகுப்பறையில தண்ணிக் குழாயும் இல்ல. போகலாமா?

தாராளமாகப் போங்கள், அப்படிப்பட்ட பள்ளிக்குத்தான் முதலில் போக வேண்டும். கழுவும் தண்ணீரைக் கேனில் கொண்டு போங்கள், கழிவுக்கு மூடியுள்ள வாளி, மேசைக்கு விளிம்பு உள்ள தட்டு. கண்ணில் பட்டால் தடையில்லாமல் கழுவ அந்த இடத்தில் வழி இல்லை என்றால், கண்ணைப் பாதிக்கும் எதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முட்டைக்கோஸும் மெழுகுவர்த்தியும் மட்டுமே ஒரு மணி நேரத்தை நிறைக்கும்.

பொருளெல்லாம் எப்படிக் கொண்டு வர்றது? முடிஞ்சதும் மிச்சத்தை சிங்க்ல ஊத்திடலாமா?

தேவையான அளவை மட்டும் சின்னப் பாட்டில்களில், பெயரும் செறிவும் ஆபத்துக் குறியும் ஒட்டி எடுத்துப் போங்கள். பெராக்சைடைக் காற்று வெளியேறும் மூடி உள்ள பாட்டிலில் வைக்க வேண்டும், அது தானாகவே மெல்ல உடைந்து ஆக்சிஜனை விடும். அதையும் எரியும் பொருள்களையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளும் பையில் இருக்கட்டும். கூட்டமான பேருந்தில் அமிலத்தையும் ஆக்சிஜனேற்றியையும் மடியில் வைத்துக்கொண்டு போவது சரியில்லை, துறை வண்டிக்கு முன்கூட்டியே கேளுங்கள்.

மிச்சம் எல்லாம் திரும்பக் கல்லூரிக்கே வர வேண்டும். குறிப்பாகத் தாமிர உப்பு, நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. கடிகார வினையின் கருநீலத்தில் கொஞ்சம் வைட்டமின் சி போட்டால் நிறம் போய்விடும், இதைச் சுத்தம் செய்யும் வேலையாகச் செய்யாமல் கடைசி டெமோவாகவே செய்து காட்டலாம்.

நான் ஆசிரியர். நீங்க வந்தா நான் அந்த நேரத்துல விடைத்தாள் திருத்தப் போகலாமா?

தயவுசெய்து வகுப்பிலேயே இருங்கள். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு லேடெக்ஸ் அலர்ஜி (பலூன் கொண்டு வருவோம்) என்பது உங்களுக்குத்தான் தெரியும், எந்த மாணவர் பேசத் தயங்குவார் என்பதும். எங்கள் ஆட்கள் யாரும் மாணவர்களோடு தனியாக இருக்கக்கூடாது என்பதும் எங்கள் விதி. படம் எடுப்பதற்கும் பள்ளியின் அனுமதி இல்லாமல் போனை எடுக்க மாட்டோம். வரும் முன்னால் எந்தப் பாடம் நடக்கிறது என்று சொன்னால் அதற்கேற்ற டெமோவைத் தேர்ந்தெடுப்போம்.

டெமோ வேலை செய்யலன்னா மானம் போயிடுமே?

போகாது. ஈஸ்ட் செத்திருக்கலாம், பெராக்சைடு பழசாகியிருக்கலாம் (வெளிச்சம் பட்டால் கெடும், அதனால்தான் பழுப்புப் பாட்டில்), தண்ணீர் அதிகம் சூடாகி நொதி சிதைந்திருக்கலாம். இந்தச் சந்தேகங்களை வகுப்பின் முன்னாலேயே வரிசையாகச் சொல்லி, எதை முதலில் சோதிக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். மாற்றுப் பாக்கெட் ஈஸ்ட் பையில் இருந்தால் போதும்.

நமக்குப் பதில் தெரியாத கேள்வி கேட்டா? வெடிகுண்டு எப்படிச் செய்றதுன்னு கேட்டா?

இவை இரண்டும் வேறு வேறு. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆசிரியர் வழியாகப் பதில் அனுப்புங்கள். கட்டாயம் அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் காத்துக்கொண்டிருப்பாள்.

வெடி பற்றிக் கேட்பவரிடம் கோபப்பட வேண்டாம், பெரும்பாலும் வெறும் ஆர்வம்தான். ஏன் சில வினைகள் வேகமாக நடக்கின்றன, வாயு திடீரென்று விரிந்தால் என்ன ஆகிறது என்பதைப் பேசலாம். பொருள், அளவு, செய்முறை எதையும் சொல்லக்கூடாது. வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்டால், முட்டைக்கோஸ் சாற்றுக்கு மட்டும் ஆமாம், அதுவும் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்க, கழிவறை கழுவும் திரவங்களைத் தொடாமல். அவற்றைக் கலந்தால் குளோரின் வாயு வரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பார்வை இல்லாத ஒரு மாணவி வகுப்புல இருக்கா. எல்லாமே நிறம் மாற்றம்தானே, அவளுக்கு என்ன காட்றது?

இதைக் கேட்ட தன்னார்வலருக்கு நன்றி, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. வெப்பத்தைக் கையால் படிக்கக்கூடிய வினைகள் நிறைய உண்டு. ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி கால்சியம் குளோரைடு கரையும்போது குவளை சூடாகும். இன்னொன்றில் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேரும்போது குளிரும், பொங்கும் சத்தமும் கேட்கும். வெளிப்பக்கத்தை மட்டும் பிடிக்கட்டும். ஊகிக்கும் பகுதி அப்படியே பொருந்தும், எது சூடாகும் எது குளிரும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ள பையன்கள் பல வகுப்புகளில் இருப்பார்கள், அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கும். "இப்போ சிவப்பாயிடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், குவளைக்குப் பின்னால் வெள்ளை அட்டை வையுங்கள். கருநீலத்துக்கு மாறும் கடிகார வினை இவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் போய் நுரை காட்டிட்டு வந்தா என்ன பிரயோஜனம்? நிஜமா ஏதாவது மாறுதா?

ஒரே ஒரு நாள் மட்டும் என்றால், அதிகம் மாறாது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் பத்துப் பள்ளிக்கு ஒரு தடவை போவதைவிட இரண்டு பள்ளிக்குத் திரும்பத் திரும்பப் போவதையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தடவை போகும்போது, முதல் தடவை பார்த்ததை அவர்களையே செய்யவைக்கலாம், கடிகார வினையில் தண்ணீரை இரட்டிப்பாக்கினால் எவ்வளவு தாமதம் என்று கைக்கடிகாரத்தோடு அளக்கவைக்கலாம். ஆசிரியரிடம் பொருள்களும் ஒரு பக்கச் செய்முறையும் உள்ள சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தால் நீங்கள் இல்லாத வாரத்திலும் அது நடக்கும்.

நன்றாகப் போனதா என்று அறிய, "பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆசிரியர் மூலம் ஒரு கேள்வி அனுப்புங்கள், பார்க்காத ஒன்றைப் பற்றி: "ஈஸ்ட்டுக்குப் பதில் வேகவைத்து ஆறவைத்த ஈஸ்ட்டைப் போட்டால் நுரை வருமா, ஏன்?" வருகிற விடைகளை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தால், அடுத்த தடவை எந்த டெமோவை எடுத்துப்போவது என்று தெரிந்துவிடும்.